பிளாங்கில் துத்தநாகம், மாதிரியில் குரோமியம்

வணக்கம். மீன் கல்லீரலை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அதிலுள்ள உலோகங்களை ஐசிபி-எம்எஸ்ஸில் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) அளக்கிறீர்கள். பிளாங்கிலேயே, அதாவது மாதிரி போடாமல் அதே வழியில் தயாரித்த வெறும் அமிலக் கரைசலிலேயே, துத்தநாகம் எகிறுகிறது, ஒரே மீனின் மூன்று துண்டுகளில் குரோமியமும் நிக்கலும் ஒத்துப்போகவில்லை என்கிறீர்கள். கருவியை நோண்டாதீர்கள். சிக்கல் அநேகமாக அதற்கு முன்பே வந்துவிட்டது.

பிளாங்கைக் கத்தி தொடுவதில்லை. ஆகவே துத்தநாகம் கையுறை, கலன், அமிலம் இவற்றில் ஏதோ ஒன்றிலிருந்துதான் வர வேண்டும். என் சந்தேகம் முதலில் கையுறை மேல். லேடெக்ஸ், நைட்ரைல் இரண்டின் தயாரிப்பிலும் துத்தநாக ஆக்சைடு சேர்ப்பது வழக்கம். பவுடர் போட்டது என்றால் கேட்கவே வேண்டாம். பாலித்தீன் கையுறைக்கு மாறிப் பாருங்கள். கலன்களை 10% நைட்ரிக் அமிலத்தில் இரவு முழுக்க ஊறவையுங்கள், மூடிகளையும் சேர்த்துத்தான். பலரும் மறப்பது அதைத்தான்.

குரோமியமும் நிக்கலும் எவர்சில்வர் கத்தியின் கைவரிசையாக இருக்கலாம். மிக்சியில் அரைத்திருந்தால் இன்னும் மோசம். செராமிக் கத்தியால் வெட்டுங்கள். முழுக் கல்லீரலையும் உறைய வைத்து உலர்த்தி, அகேட் என்ற கடினக் கல்லாலான உரலில் பொடித்து, அதிலிருந்து 0.5 கிராம் வீதம் எடுங்கள். துண்டு துண்டாக எடுத்தால் கத்தி சுத்தமாக இருந்தாலும் எண்கள் ஒட்டாது.

அப்புறம், கல்லீரலில் கொழுப்பு அதிகம். அமிலம் ஊற்றியதும் கலனை இறுக்கி மூடிவிடாதீர்கள். ஃபியூம் ஹூடில் (புகையை உறிஞ்சும் ஆய்வகக் கூண்டு) நுரை அடங்கட்டும், பிறகு ஆய்வக மைக்ரோவேவில் வையுங்கள். பெர்குளோரிக் அமிலம் பக்கமே போகாதீர்கள், கொழுப்போடு சேர்ந்தால் வெடிக்கும்.

உங்கள் எண்கள் சரியா என்று சரிபார்க்க, ஒவ்வொரு தொகுதியிலும் கனடா தேசிய ஆராய்ச்சி மன்றத்தின் டோல்ட் (உலோக அளவுகள் முன்பே சான்றளிக்கப்பட்ட) கல்லீரல் பொடி ஒன்றையும் சேர்த்துக் கரையுங்கள். இதெல்லாம் செய்த பிறகும் பிளாங்க் இறங்கவில்லை என்றால் அமிலம் எந்தத் தரம் என்று எழுதுங்கள், பார்க்கலாம்.