சின்ன வண்டிகளில் பேட்டரி வோல்ட் ஏன் இறங்குகிறது? கேள்வி பதில்

மினி எக்ஸ்கவேட்டர், ஸ்கிட் ஸ்டீர் லோடர், சிறு ரோலர் ஓட்டுபவர்களும் பழுது பார்ப்பவர்களும் கேட்டவை இவை. ஒரு மல்டிமீட்டரும் டிசி ஆம்பியர் காட்டும் டாங் டெஸ்டரும் (கேபிளைச் சுற்றி மாட்டும் கிளாம்ப் மீட்டர்) இருந்தால் எல்லாவற்றையும் நீங்களே பார்த்துவிடலாம். அளவுகள் 12 வோல்ட் வண்டிக்கானவை. 24 வோல்ட்டுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது.

கேள்வி: அண்ணா, மினி எக்ஸ்கவேட்டர். காலையில் மீட்டர் வைத்தால் 12.5 காட்டுகிறது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும்தான், செல்ஃப் சுற்றவில்லை. 12.5 இருந்தால் பேட்டரி நல்லதுதானே?

பதில்: இன்னும் சொல்ல முடியாது தம்பி. லோடு இல்லாதபோது எடுத்த 12.5 பேட்டரியில் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்லும். 12.6-க்கு மேல் முழு சார்ஜ், 12.4 முக்கால், 12.2 பாதி, 12.0 கால். அதுவும் சார்ஜரைக் கழற்றிச் சில மணி நேரம் ஓய்ந்த பிறகு எடுத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு எடுங்கள்.

இப்போது சீட்டில் ஒருவர் உட்கார்ந்து சாவியை மூன்று நான்கு விநாடி திருப்பிப் பிடிக்கட்டும். மீட்டர் முனை இரண்டும் கிளாம்ப் மேல் இல்லாமல், பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே இருக்க வேண்டும்.

வோல்ட் 6, 7-க்கு விழுந்தால் இரண்டில் ஒன்று: பேட்டரிக்குத் தெம்பு இல்லை, அல்லது செல்ஃப் மோட்டார் இறுகிப்போய் அளவுக்கு மீறி இழுக்கிறது. கேபிளில் டாங் டெஸ்டரை மாட்டினால் எது என்று தெரிந்துவிடும். ஆம்பியர் குறைவாக இருந்தும் வோல்ட் விழுந்தால் பேட்டரி.

வோல்ட் 12-க்கு மேலேயே நின்றால் பேட்டரியைத் தொடாதீர்கள். கரண்ட் வெளியே போகவே இல்லை, வழியில் எங்கோ தடை இருக்கிறது. சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போதே, ஒரு முனையை ஈயக் கம்பத்திலும் மறு முனையை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே இரண்டுக்கும் நடுவில் உப்பு படிந்திருக்கிறது. வெளியே பளபளவென்று இருக்கும், கழற்றிப் பார்த்தால் உட்புறம் சாம்பல் நிறத்தில் கருத்துப் போயிருக்கும்.

அடுத்து நெகட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டார் பாடி வரை. 0.2 வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்து சரியில்லை. எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. எர்த்து பட்டை துருப்பிடித்தாலோ, பெயின்ட் மேலேயே போல்ட் முறுக்கியிருந்தாலோ கரண்ட்டுக்குத் திரும்பி வர வழியில்லை. பாசிட்டிவ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை, பேட்டரியைத் துண்டிக்கும் கட்-ஆஃப் சுவிட்சையும் சேர்த்து, 0.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். கடைசியாக, செல்ஃபுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் சொலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே. 'டிக்' கேட்ட பிறகும் அங்கே 12 வோல்ட் நின்றால் உள்ளே இருக்கும் செம்புக் கான்டாக்ட் தீய்ந்துவிட்டது.

கரண்ட் ஓடும்போதுதான் இந்த வோல்ட் டிராப் தெரியும். சாவியை விட்டபின் வைத்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும்.

கேள்வி: ஸ்கிட் ஸ்டீர் லோடர். ஒரே வருடத்தில் இரண்டாவது பேட்டரி. ஓடும்போது சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் 14.2 தருகிறது, பேட்டரி மட்டும் நிறைவதே இல்லை. அடிக்கடி ஸ்டார்ட் செய்வதாலா?

பதில்: ஸ்டார்ட்டைக் குறை சொல்ல வேண்டாம். 200 ஆம்பியரில் 3 விநாடி கிராங்க் செய்தால் செலவு 0.17 ஆம்பியர்-அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஆம்பியர்-அவர்). ஸ்டார்ட்டுக்கு முன் எஞ்சினைச் சூடேற்றும் ஹீட்டர் பிளக் 30 ஆம்பியர் 10 விநாடி இழுத்தால் இன்னொரு 0.08. ஒரு ஸ்டார்ட்டுக்குக் கால் ஆம்பியர்-அவர் என்று வைத்தாலும் 20 முறைக்கு 5 தான்.

விளக்கைக் கணக்குப் பாருங்கள். 55 வாட் ஹாலஜன் நான்கு என்றால் 16 ஆம்பியருக்கு மேல். கேபின் புளோயர், ஏசி கிளட்ச் சேர்ந்தால் இன்னும் ஏறும். 40 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் அந்த 40-ஐ ஐடிலிங்கில் தராது. மணிக்கணக்கில் ஐடிலிங்கில் விளக்கும் ஏசியுமாக நிற்கும் வண்டி பேட்டரியைத் தின்றுகொண்டுதான் நிற்கிறது. பாதி சார்ஜிலேயே வாரக்கணக்கில் கிடக்கும் பேட்டரியின் தகட்டில் சல்பேட் இறுகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பிடிக்காது.

அந்த 14.2-ஐ எங்கே வைத்து எடுத்தீர்கள் என்பதும் முக்கியம். எல்லா லோடையும் போட்டு, எஞ்சினை வேலை செய்யும் ஆர்பிஎம்முக்கு ஏற்றி, பேட்டரிக் கம்பத்தில் எடுங்கள். 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். ஆல்டர்னேட்டரில் 14.2 இருந்து பேட்டரியில் 13.2 என்றால் அந்த ஒரு வோல்ட் நடுவிலுள்ள கேபிளிலோ ஃபியூசிபிள் லிங்கிலோ சூடாகப் போகிறது. இரண்டு இடத்திலும் குறைவு என்றால் முதலில் பெல்ட்டைப் பாருங்கள். தூசியில் ஓடும் பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி மாதிரி மினுங்கும். லோடு ஏறியதும் வழுக்கும்.

ஒரு வேலை பத்தே விநாடி: பேட்டரியைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைந்தால் பேட்டரியை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்வு. அதிர்வில் தகட்டின் மாவு உதிர்ந்து அடியில் சேர்ந்து ஒரு செல் ஷார்ட் ஆகும். ஓய்ந்த வோல்ட் 10.5 பக்கம் நின்றால் ஒரு செல் போய்விட்டது, சார்ஜ் போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கேள்வி: சனிக்கிழமை நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை வந்தால் பேட்டரி இறங்கியிருக்கிறது. எங்கே ஒழுகுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சாவியை எடுத்து, கதவு பானெட் மூடி, அரை மணி நேரம் விடுங்கள், ஈசியு (வண்டியின் கன்ட்ரோல் கம்ப்யூட்டர்) தூங்கப் போக அந்த நேரம் வேண்டும். பிறகு நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, மீட்டரை 10 ஆம்பியர் ரேஞ்சில் கம்பத்துக்கும் கேபிளுக்கும் நடுவே மாட்டுங்கள். கழற்றும்போது ஈசியு விழித்துக்கொண்டிருந்தால் இன்னும் கொஞ்சம் காத்திருங்கள். மீட்டர் மாட்டியிருக்கும்போது சாவியைத் திருப்பிவிடாதீர்கள், மீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் பெரும்பாலான வண்டிக்குச் சரி. அரை ஆம்பியர் என்றால் 48 மணி நேரத்தில் 24 ஆம்பியர்-அவர், அதாவது 70 ஆம்பியர்-அவர் பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு காலி. ஒவ்வொரு ஃபியூஸாக எடுங்கள். எதை எடுக்கும்போது விழுகிறதோ அந்த லைன்தான்.

எல்லா ஃபியூஸையும் எடுத்தும் விழவில்லையா? பேட்டரி இணைப்பை முழுதாகக் கழற்றிவிட்டு, ஆல்டர்னேட்டரின் பி பிளஸ் வயரை (பேட்டரிக்குப் போகும் தடித்த வயர்) பிரித்து, முனையை டேப் சுற்றி, மீட்டரை முன்போல மாட்டித் திரும்ப அளந்து பாருங்கள். இப்போது விழுந்தால் உள்ளே டயோடு ஒழுகுகிறது. எஞ்சின் ஓடும்போது மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பேட்டரியில் பார்த்தால் அரை வோல்ட்டுக்கு மேல் காட்டுவதும் இதே நோய்தான். ஒட்டிக்கொண்ட ஹீட்டர் பிளக் ரிலே இன்னொரு சந்தேக ஆசாமி. நிறுத்தி ஒரு மணி ஆன பிறகும் தொட்டால் சூடாக இருக்கும்.

மாதக்கணக்கில் நிறுத்தினால் நல்ல வண்டியும் இறங்கும். 50 மில்லி ஆம்பியரே 30 நாளில் 36 ஆம்பியர்-அவர். கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து வையுங்கள். ஜிபிஎஸ் பெட்டியைச் சுவிட்சுக்கு முன்னாலேயே மாட்டியிருந்தால் அது தொடர்ந்து இழுக்கும், அதையும் பாருங்கள்.

கேள்வி: சாவி போட்டால் சார்ஜ் லைட் எரியவே இல்லை. எஞ்சின் ஓடும்போதும் 12.3 தான்.

பதில்: பல வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் ஃபீல்டு சுருளுக்கு முதல் கரண்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. பல்பு போனால் ஆல்டர்னேட்டர் எழுந்திருக்காது. ஆல்டர்னேட்டரை இறக்கும் முன் பல்பையும் அதன் வயரையும் பாருங்கள்.

கேள்வி: திரையில் எஸ்பிஎன் 168, எஃப்எம்ஐ 4 என்ற பழுதுக் குறியீடு வருகிறது, ஹைட்ராலிக் லாக் ஆகிவிடுகிறது. பேட்டரியில் 12.6, ஓடும்போது 14.1.

பதில்: அந்தக் குறியீடு, வோல்ட் குறைவு என்று கன்ட்ரோலர் சொல்வது. அது பார்ப்பது தன் பின்னுக்கு வரும் வோல்ட்டை, பேட்டரிக் கம்பத்தை அல்ல. கன்ட்ரோலர் கனெக்டரைக் கழற்றி, பவர் பின்னுக்கும் எர்த்து பின்னுக்கும் 21 வாட் பல்பு ஒன்றை மாட்டுங்கள். வெறும் மீட்டர் ஏமாற்றும். ஒரே ஒரு இழை மிஞ்சிய வயரிலும் 12.6 காட்டும். பல்பு மங்கலாக எரிந்தால் ஃபியூஸ் ஹோல்டர், மெயின் ரிலே, எர்த்து பாயின்ட் என்று பின்னோக்கிப் போங்கள். ஃபியூஸ் கால் படும் இடத்தில் பிளாஸ்டிக் பழுத்திருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். பல்பு பளிச்சென்று எரிந்தால் மேல்பாகம் சுழலும் இடத்திலும் கேபின் அடியிலும் வயர் கொத்தை ஆட்டிப் பாருங்கள்.

கேள்வி: 24 வோல்ட் வண்டி, இரண்டு பேட்டரி. மொத்தம் 24.1 காட்டுகிறது.

பதில்: மொத்தத்தை நம்பாதீர்கள், தனித்தனியாக எடுங்கள். ஒன்று 12.7, மற்றது 11.4 என்றாலும் கூட்டினால் 24.1 தான். ரேடியோவுக்கோ மொபைல் சார்ஜருக்கோ ஒரே பேட்டரியிலிருந்து 12 வோல்ட் எடுத்திருந்தால் இப்படித்தான் ஆகும். அதைப் பிரித்து 24 வோல்ட்டை 12 ஆக்கும் கன்வர்ட்டர் போடுங்கள். மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேள்வி: சார், எஞ்சின் ஓடும்போது கட்-ஆஃப் சுவிட்சை அணைத்து ஆல்டர்னேட்டரைச் சோதிக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. லோடு திடீரென்று போனதும் வோல்ட் எகிறி டயோடையும் ஈசியுவையும் சேர்த்துக் கொன்றுவிடும். வண்டியில் வெல்டிங் வைப்பதானால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, எர்த்து கிளிப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள்.