முதல் வேட்டைத் துப்பாக்கி: 800 டாலரில் எதை வாங்குவது?

கேள்வி: கிரீன் கார்டு பெற்று, பென்சில்வேனியா மாநிலத்தில் ஹாரிஸ்பர்க் அருகே குடும்பத்துடன் வசிக்கிறேன். உடன் பணிபுரியும் நண்பர்கள் ஆண்டுதோறும் மான் வேட்டைக்குச் செல்கிறார்கள். இந்த ஆண்டு என்னையும் அழைத்திருக்கிறார்கள். மாநில அரசின் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்துவிட்டேன். 800 டாலருக்கு மேல் செலவிட இயலாது. கடையில் ஸ்கோப்பும் (குறிபார்க்கும் தொலைநோக்கியும்) சேர்த்து 450 டாலருக்கு ஒரு துப்பாக்கியைக் காட்டுகிறார்கள். நண்பர் ஒருவரோ, வாங்குவதென்றால் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற வலுமிக்க தோட்டாவுக்கான துப்பாக்கியை வாங்கு என்கிறார். என் உயரம் 5 அடி 4 அங்குலம். எதைத் தேர்ந்தெடுப்பது?
— ஹாரிஸ்பர்க் வாசகர்

பதில்: 800 டாலரைத் துப்பாக்கியின் விலையாகக் கருதாமல், நீங்கள் நம்பிக்கையோடு ஒரு மானைக் குறிபார்க்கும் நாள் வரை ஆகப்போகும் மொத்தச் செலவாகக் கருதுங்கள். துப்பாக்கிக்கு 400 முதல் 450 டாலர், ஸ்கோப்புக்கும் அதைப் பொருத்தும் வளையங்களுக்கும் சுமார் 200 டாலர் போக, எஞ்சியதைத் தோட்டாவுக்கும், மற்ற வேட்டைக்காரர்களின் கண்ணில் படுவதற்காக அணியும் ஆரஞ்சு உடுப்புக்கும் ஒதுக்கிவிட வேண்டும். தோட்டாவுக்கான பணத்தையும் துப்பாக்கியிலேயே போட்டுவிட்டு, பயிற்சியின்றிக் காட்டுக்குள் போகிறவரால் மானுக்கு நேர்வது நீண்ட வேதனை. குறி தப்பிக் காயப்பட்ட விலங்கு மைல் கணக்கில் ஓடி, யார் கையிலும் சிக்காமல் எங்கோ விழுந்து இறக்கும். துப்பாக்கியின் தரத்தைவிட, சுடுபவரின் பழக்கமே இதைத் தடுக்கிறது.

நண்பர் சொன்ன .300 மேக்னத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். அது எல்க் போன்ற பெரிய விலங்குகளுக்கும், மேற்கு மாநிலங்களின் திறந்த மலைவெளிகளில் வெகு தொலைவிலிருந்து சுடுவதற்கும் ஏற்றது. பென்சில்வேனியாவின் அடர்ந்த இலையுதிர் காடுகளில் வெண்வால் மான் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் கண்ணில் படும். அந்தத் தொலைவுக்கு மேக்னத்தின் வேகம் தேவையில்லை. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தோளில் மோதும் அதன் உதையோ புதியவரைக் கெடுத்துவிடும். இரண்டு மூன்று முறை தோள் வலித்துவிட்டால், விசையை அழுத்தும் கணத்திலேயே உடல் தானாகக் குறுகிக் கண் மூடிக்கொள்ளும். ஒருமுறை ஒட்டிக்கொண்ட அந்தப் பழக்கத்தை உதறுவது மிகக் கடினம். மேக்னம் தோட்டாவின் விலையும் மிக அதிகம் என்பதால், பயிற்சியும் தானாகவே சுருங்கிவிடும்.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது 6.5 க்ரீட்மோர். 2007-இல் ஹார்னடி நிறுவனம் இலக்குப் போட்டிகளுக்காக உருவாக்கிய இந்தத் தோட்டா, இன்று நாட்டின் பெரும்பாலான கடைகளில் கிடைக்கிறது. மானுக்குப் போதிய வலுவும் தோளுக்கு மிதமான உதையும் கொண்டது. 1952-இல் வந்த .308 வின்செஸ்டரும் தவறான தேர்வல்ல. எந்தச் சிற்றூர்க் கடையிலும் அதற்குத் தோட்டா கிடைக்கும் என்பது அதன் பெரும்பலம். உதை மட்டும் சற்றுக் கூடுதல். இன்னும் மென்மையாக வேண்டுமென்றால், .308-இன் உலோக உறையின் கழுத்தைக் குறுக்கி 1955-இல் உருவாக்கப்பட்ட .243 வின்செஸ்டர் இருக்கிறது. ஆனால் அதன் குண்டு சிறியதாகையால், தவறான இடத்தில் பட்டால் விளைவு மோசமாக இருக்கும்; அனுபவம் வந்தபின் அதை எடுக்கலாம் என்பது என் கருத்து.

இனி துப்பாக்கி. குறைந்த விலைத் துப்பாக்கி குறி தவறும் என்ற அச்சம் பழைய காலத்தினுடையது. 1958-இல் நிக்கலஸ் ப்ரூவர் வடிவமைத்த சாவேஜ் 110 துப்பாக்கியில், குழலை ஒரு நட்டினால் இறுக்கும் முறை பின்பற்றப்பட்டது. போல்ட்டின் (தோட்டாவைத் தள்ளி அறையை மூடும் உலோக உருளையின்) முகத்துக்கும் தோட்டாவறைக்கும் இடையிலான இடைவெளியை, தேர்ந்த கைவினைஞரின் நெடுநேர உழைப்பின்றியே துல்லியமாக அமைக்க அது வழிசெய்தது. இன்றைய சாவேஜ் ஆக்சிஸ் அந்த மரபில் வந்ததுதான். 2012-இல் சந்தைக்கு வந்த ரூகர் அமெரிக்கன் துப்பாக்கியும் விலைக்கு மீறிய துல்லியம் உடையது. இவற்றில் சிக்கனம் செய்திருப்பது வெளித்தோற்றத்தில்: தோளில் அணைத்துப் பிடிக்கும் கட்டை வால்நட் மரத்துக்குப் பதில் வார்ப்பு பிளாஸ்டிக், பளபளப்பற்ற பூச்சு, போல்ட்டை இழுக்கும்போது சற்றுச் சொரசொரப்பு. மானுக்கு இவை எதுவும் தெரியப்போவதில்லை. இரண்டில் ஒன்றைச் சொல்லக் கேட்டால், போல்ட்டின் இயக்கம் எளிதாக இருப்பதால் ரூகரைச் சொல்வேன். ஆக்சிஸ் வாங்குவதென்றால், விசையின் இறுக்கத்தை மாற்றிக்கொள்ள இடமளிக்கும் அக்யூ ட்ரிகர் பொருத்திய வகையைக் கேட்டு வாங்குங்கள்; சில பத்து டாலர் கூடுதலானாலும் தகும். உங்கள் மாநிலத்தில், ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிளால் மானைச் சுடக் கூடாது என்பதால், கையால் இயக்கும் போல்ட் வகைதான் எப்படியும் பொருத்தம்.

உங்கள் உயரத்தைக் குறிப்பிட்டது மிக நல்லது. பலர் அதை மறந்துவிடுகிறார்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் வழக்கமான துப்பாக்கிகளில் பதின்மூன்றரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். குளிர்கால மேலங்கியும் சேர்ந்தால் அது உங்களுக்கு நீளமாகிவிடும். பல நிறுவனங்கள் கட்டையைச் சுமார் ஓர் அங்குலம் குறைத்து ‘காம்பாக்ட்’ என்ற பெயரில் விற்கின்றன. கடைக்குப் போகும்போது வேட்டைக்கு அணியும் அங்கியை அணிந்து செல்லுங்கள். கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறந்து பாருங்கள். கழுத்தை நீட்டாமல், தலையை நகர்த்தாமல் ஸ்கோப்பில் முழு வட்டமும் தெரிந்தால் அது உங்களுக்கு உரியது. காம்பாக்ட் வகை எடை குறைந்ததாகையால் உதை சற்றுக் கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்; 6.5 க்ரீட்மோரைச் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

450 டாலர் தொகுப்பைப் பற்றி: அதில் குறை பெரும்பாலும் ஸ்கோப்பில்தான் இருக்கும். மங்கலான கண்ணாடியும், சில டஜன் தோட்டாக்களுக்குப் பின் குறி நகர்ந்துவிடும் உள்ளமைப்பும் விடியற்காலையிலும் அந்தியிலும் உங்களைக் கைவிடும். மான்கள் நடமாடுவதோ அந்த நேரங்களில்தான். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2, லூபோல்ட் விஎக்ஸ் ஃப்ரீடம் ஆகியவற்றின் 3-9x40 வகை (3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், 40 மி.மீ. முன்கண்ணாடி கொண்டது) போதும். முதலாவது உங்கள் கணக்குக்குள் வரும். இரண்டாவதைப் பழையதாகத் தேடலாம். இரு நிறுவனங்களும் இரண்டாவது கைக்கு மாறிய ஸ்கோப்புக்கும் உத்தரவாதம் தருகின்றன.

பழைய துப்பாக்கியையும் கட்டாயம் பாருங்கள். அதே பணத்துக்கு, சாவேஜ் 110, வெதர்பி வேன்கார்டு, ஹோவா 1500 போன்ற ஒரு படி மேலான துப்பாக்கிகள் சில பருவங்களே பயன்பட்ட நிலையில் கிடைப்பதுண்டு. ஹோவாவும் வேன்கார்டும் ஜப்பானில் ஒரே ஆலையில் உருவாகுபவை. எஃகு வேலையில் அவை எந்த மலிவு விலைத் துப்பாக்கியையும் விஞ்சும். தோட்டா இல்லையென்று நீங்களே திறந்து பார்த்து உறுதிசெய்த பிறகு, போல்ட்டை எடுத்துவிட்டுப் பின்புறமிருந்து குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள்; குண்டைச் சுழலவைக்கும் உட்புற முறுக்குவரிகள் கூர்மையாகவும், துருக்குழிகள் இல்லாமலும் இருக்க வேண்டும். குழல்வாயின் விளிம்பில் சிறு வெட்டு இருந்தாலும் துல்லியம் போய்விடும். அடுத்து, கடைக்காரரின் அனுமதியுடன் போல்ட்டை மூடி, தவறிச் சுடாமல் தடுக்கும் பூட்டான சேஃப்டியைப் போட்டு, விசையை அழுத்தி விடுங்கள். பின்பு விசையைத் தொடாமல் சேஃப்டியை மட்டும் விலக்குங்கள். அப்போது உள்ளே ‘கிளிக்’ என்று விழுந்தால் அந்தத் துப்பாக்கி ஆபத்தானது. விலை எவ்வளவு குறைந்தாலும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். ரெமிங்டன் 700 கண்ணில் பட்டால் கூடுதல் கவனம் தேவை. 2006 மே மாதம் முதல் 2014 ஏப்ரல் வரை தயாரான, எக்ஸ் மார்க் ப்ரோ விசை பொருத்திய துப்பாக்கிகளை, விசை தொடாமலே வெடிக்கக்கூடும் என்று நிறுவனமே 2014-இல் திரும்ப அழைத்தது. அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதற்கு அடையாளம் இல்லையெனில் வாங்காதீர்கள்.

வாங்கியபின், வேட்டையில் பயன்படுத்தப்போகும் அதே தோட்டாவைக் கொண்டு முதலில் 25 கஜத்திலும், பின்பு 100 கஜத்திலும் குறியைச் சரிசெய்யுங்கள். மூன்று குண்டுகள் இரண்டு அங்குலத்துக்குள் விழுந்தால் துப்பாக்கி தன் கடமையைச் செய்துவிட்டது. மானின் உயிர்நிலை சுமார் எட்டு அங்குல அகலம் உடையது. அதன்பின் மேசையை விட்டு எழுந்து, அமர்ந்தும், மண்டியிட்டும், மரத்தில் சாய்ந்தும் சுட்டுப் பழகுங்கள். மாநில வேட்டை ஆணையத்தின் பொதுப் பயிற்சித் திடல்களில், வேட்டை உரிமம் உள்ளவர் தனிக் கட்டணமின்றிப் பயிலலாம். வீட்டில் குழந்தைகள் இருந்தால், துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியே பூட்டிவைக்கும் செலவையும் இந்த 800-க்குள்ளேயே சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒஹாயோவில் வசிக்கிறேன். எனக்கும் 6.5 க்ரீட்மோர் பொருந்துமா?
— கொலம்பஸ் வாசகர்

பதில்: பொருந்தாது. ஒஹாயோவில் மானை ரைஃபிளால் சுட, மேல்நோக்கிக் குறுகாத நேர்ச்சுவர் உறை கொண்ட தோட்டாக்களை மட்டுமே சட்டம் அனுமதிக்கிறது; .308, 6.5 க்ரீட்மோர் இரண்டும் கழுத்துக் குறுகியவை. 2019-இல் வின்செஸ்டர் வெளியிட்ட .350 லெஜண்ட் தோட்டாவுக்கு, மேலே சொன்ன இரு மலிவு விலைத் துப்பாக்கிகளும் கிடைக்கின்றன. உதை குறைவு, 150 கஜம் வரை தயங்காமல் நம்பலாம்.

கேள்வி: எச்-1பி விசாவில் டெக்சாஸில் பணிபுரிகிறேன். நான் வேட்டைத் துப்பாக்கி வாங்கலாமா?
— டாலஸ் வாசகர்

பதில்: அவசரப்பட வேண்டாம். குடியேறா விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. அமெரிக்க மாநிலம் ஒன்று வழங்கிய, நடப்பிலுள்ள வேட்டை உரிமம் உடையவருக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் உரிமம் காலாவதியான மறுநாளே, வீட்டில் இருக்கும் துப்பாக்கி உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். அது விசாவையும் கிரீன் கார்டு விண்ணப்பத்தையும் பாதிக்கும் அளவுக்குக் கடுமையான குற்றம். எனவே கடையில் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சி அரசின் 4473 படிவத்தை நிரப்புவதற்கு முன்பே குடியேற்றச் சட்ட வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரின் துப்பாக்கியைச் சற்றுநேரம் கையில் வாங்குவதற்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். அதுவரை வில்லைக் கற்றுக்கொள்ளலாம். கூட்டாட்சிச் சட்டத்தின்படி வில்லும் குறுக்குவில்லும் துப்பாக்கிகள் அல்ல; வில்வேட்டைக்கென்றே டெக்சாஸில் தனிப் பருவமும் இருக்கிறது.