முதல் நாள் கையெழுத்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் திங்கட்கிழமை ஒரு சூப்பர் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்கிறேன். முதல் சில நாட்கள் அறிமுகப் பயிற்சி என்று சொல்லியிருக்கிறார்கள். அதில் என்னவெல்லாம் இருக்கும்? தேர்வு வைப்பார்களா? அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் நண்பர், "ஒன்றும் கவலைப்படாதே, வீடியோ போடுவார்கள், ஒரு கத்தைத் தாள் கொடுப்பார்கள், கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடலாம்" என்கிறார். அதைக் கேட்டபின் சற்று நிம்மதி. ஆனாலும் பட்டம் படித்துவிட்டு அலமாரியில் பொருள் அடுக்கப் போகிறோமே என்ற கூச்சம் உள்ளூர இருக்கிறது. நீங்களும் இளமையில் இப்படியொரு கடையில் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். அதனால்தான் கேட்கிறேன். என்ன மாதிரி ஷூ வாங்குவது என்றுகூடத் தெரியவில்லை.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

வேலை கிடைத்ததற்கு வாழ்த்துகள். வேலையிடத்தில் ஒருவருக்கு அடிபட்டால் அதற்கு யார் பதில் சொல்வது என்பதைப் பற்றி எழுத வேண்டும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் நேராக அந்த இடத்தில் வந்து விழுந்ததால் உடனே பதில் எழுதுகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டவற்றை முடித்துவிடுவோம். எந்த நிறுவனமானாலும் அறிமுகப் பயிற்சி ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அடையாள ஆவணங்களையும் வங்கி விவரத்தையும் வாங்கிக்கொண்டு, யூனிஃபார்மும் பெயர் அட்டையும் தருவார்கள். கடையையும் கிடங்கையும் சுற்றிக் காட்டி, அவசர வழி எது, தீயணைப்பான் எங்கே, அபாய மணி அடித்தால் வெளியே எந்த இடத்தில் கூட வேண்டும் என்று சொல்வார்கள். ஷிப்ட், இடைவேளை, விடுப்பு, கைபேசியை எங்கே வைப்பது ஆகியவை அதற்கடுத்து வரும். கை கழுவுதல், பாரம் தூக்குதல், துப்புரவு ரசாயனங்கள், வயது வரம்புள்ள பொருள்களை விற்பது, திருட்டைக் கண்டால் துரத்திக்கொண்டு ஓடாமல் யாரிடம் சொல்வது என்பவையெல்லாம் வீடியோவிலும் தாளிலும் இருக்கும். பில்லிங்கில் உட்கார வைப்பதாக இருந்தால், வாடிக்கையாளர் தந்த நோட்டை, மீதியை எண்ணிக் கொடுக்கும்வரை கல்லாவுக்குள் போடாமல் கண்ணில் படும்படி வெளியிலேயே வைக்கச் சொல்வார்கள். "நான் பெரிய நோட்டல்லவா கொடுத்தேன்" என்ற தகராறு அதோடு ஒழிந்துவிடும். தேர்வு இருந்தால் சரியா தவறா என்று குறிக்கும் சில கேள்விகளோடு முடிந்துவிடும். அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஷூ மூடியதாகவும், அடிப்பாகம் ஈரத் தரையில் வழுக்காததாகவும் இருக்கட்டும். நிறுவனமே தருகிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பட்டத்தைப் பற்றிய கூச்சத்துக்கு நான் மருந்து சொல்லப் போவதில்லை. முதல் சம்பளம் வந்ததும் அது தானே போய்விடும். போகாவிட்டால் அப்போது எழுதுங்கள், பார்க்கலாம்.

ஆனால் உங்கள் நண்பர் சொன்னதை அப்படி விட்டுவிட முடியவில்லை. அவர் சொன்னதைவிட, அதைக் கேட்டு நிம்மதி வந்தது என்று நீங்கள் எழுதியதுதான் எனக்குக் கோபமூட்டியது. வீட்டுப் பத்திரம் என்றால் நான்கு பேரிடம் காட்டிப் படிக்கச் சொல்கிறோம். நம் கைவிரல்களைப் பற்றிய தாளில் மட்டும் பேனாவை வாங்கிய வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். படித்தவர் என்று வேறு சொல்லிக்கொள்கிறீர்கள்!

நான் வேலை பார்த்த கடையின் பின்புறத்தில், காலி அட்டைப்பெட்டிகளை நசுக்கிக் கட்டாகக் கட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. சேர்ந்த அன்று எங்களிடம் தந்த தாளில் தலைப்புகள் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'பயிற்சி பெற்றேன்' என்று ஒரு கட்டம். மதிய இடைவேளைக்குள் எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. அந்த இயந்திரம் இருந்த அறைக்குள் எங்களில் ஒருவரும் அதுவரை கால் வைத்திருக்கவில்லை. சில மாதங்கள் கழித்து, கூட்டம் நெரித்த ஒரு மாலையில், என்னோடு சேர்ந்த பையன் ஒருவன் அதில் சிக்கிய அட்டையை இழுக்கக் கையை உள்ளே விட்டான். இரண்டு விரல்கள் நசுங்கின. முன்கதவு மூடாமலே இயந்திரம் ஓடுவதற்காக யாரோ அதன் பாதுகாப்பு சுவிட்சை டேப் ஒட்டி அழுத்தி வைத்திருந்தார்கள் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. விசாரணையில் அந்த டேப்பைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மேஜைமேல் வந்தது அந்தத் தாள். "பயிற்சி கொடுத்திருக்கிறோம், இதோ அவருடைய கையெழுத்து" என்றார்கள். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, நலமாக இருந்த நாளில் தான் போட்ட கையெழுத்தை அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பயிற்சிப் பதிவேடு கெட்ட விஷயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறுவனம் தன் கடமையைச் செய்ததற்கு அது சான்று. பயிற்சி உண்மையாகவே நடந்திருந்தால் நியாயமான சான்று. நடக்காதபோது, நடந்தது என்று சாட்சி சொல்பவர் நீங்களாகிவிடுகிறீர்கள், அதுவும் உங்களுக்கே எதிராக. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1981இல் நிறைவேற்றிய 155ஆம் உடன்படிக்கை, தொழிலாளர்களுக்கு வேலைப் பாதுகாப்பில் முறையான பயிற்சி தரப்பட வேண்டும் என்கிறது. உயிருக்கோ உடலுக்கோ உடனடியான, கடுமையான ஆபத்து இருப்பதாகத் தக்க காரணத்தோடு கருதி வேலையிலிருந்து விலகி நிற்பவரை அதற்காகத் தண்டிக்கக் கூடாது என்று அதன் 13ஆம் பிரிவும், பாதுகாப்பு ஏற்பாடுகளின் செலவைத் தொழிலாளர் தலையில் கட்டக் கூடாது என்று 21ஆம் பிரிவும் சொல்கின்றன. எல்லா நாடுகளும் அதை ஏற்று உறுதி செய்துவிடவில்லை. இருந்தாலும் 2022இல் பாதுகாப்பான, ஆரோக்கியமான பணிச்சூழலை அந்த அமைப்பு தன் அடிப்படைக் கோட்பாடுகள், உரிமைகள் வரிசையிலேயே சேர்த்துவிட்டது. ஆகவே கேட்பதை ஏதோ சலுகை கேட்பதுபோல் நினைத்துக் குறுகி நிற்க வேண்டியதில்லை.

முதல் நாளே சண்டை போடச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இதை இன்னும் பார்க்கவில்லை, பார்த்தவுடன் போட்டுவிடுகிறேன்" என்று பணிவாகச் சொன்னால் போதும். சூப்பர்வைசர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். இப்போதே வேண்டும் என்று வற்புறுத்தினால், செய்து காட்டியவற்றுக்கு மட்டும் தேதியோடு கையெழுத்துப் போட்டு, மற்றவற்றுக்கு எதிரே 'இன்னும் காட்டப்படவில்லை' என்று உங்கள் கையாலேயே எழுதி, ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் கேட்டால் ஆர்வம் என்பார்கள். அதே கேள்வியை ஆறு மாதம் கழித்துக் கேட்டால், இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தாய் என்பார்கள். கேட்பதற்கென்றே சம்பளம் கொடுத்து உட்கார வைத்திருக்கும் நாட்கள் இந்தச் சில நாட்கள்தான்.

வீடியோ போதாதா என்றால், சிலவற்றுக்குப் போதும். பிளீச்சோடு அமிலம் கலந்த துப்புரவுத் திரவத்தைச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பதை யாரும் செய்து காட்ட வேண்டாம். பெட்டி பிரிக்கும் கத்தியோ கைப்பழக்கம். அளவுக்கு மேல் ஆழமாக விட்டால் உள்ளிருக்கும் பொட்டலம் கிழியும். தன் பக்கமாக இழுத்தால் தொடை கிழியும்.

எனக்குக் குளிர்பெட்டி வேலையைச் சொல்லிக்கொடுத்தவர், அந்தக் கடையில் நெடுங்காலமாக இருந்த ஒரு அக்கா. முதலில் வந்த பொருள் முதலில் போக வேண்டும் என்பது வீடியோவில் ஒரே வரி. அவரிடம் அது ஒரு காலைப்பொழுது முழுக்க நடந்தது. ஒரு தட்டில் இருக்கும் பால் பாக்கெட்டுகளையெல்லாம் வெளியே எடுப்பார், தட்டைத் துடைப்பார், ஒவ்வொரு பாக்கெட்டையும் விளக்குப் பக்கம் திருப்பித் தேதியை வாய்விட்டுப் படிப்பார், என்னையும் படிக்க வைப்பார். உப்பியதும் கசிந்ததும் தனிக் கூடைக்குப் போகும். புதியதைப் பின்னால் வைத்து, பழையதை முன்னால் நிறுத்தி, அதன்பிறகுதான் அடுத்த தட்டு. டிராலியில் ஒரு தட்டுக்குத் தேவையானதற்கு மேல் ஏற்ற விடமாட்டார். குளிரில்லாமல் வெளியே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் பாலுக்குக் கேடு என்பார். உறைபெட்டியின் உட்சுவரில் ஒரு கோடு போட்டிருக்கும். அதற்கு மேல் அடுக்கினால் குளிர்காற்று எட்டாது. பெட்டியின் திரை மைனஸ் 18 டிகிரி என்று காட்டிக்கொண்டே இருக்கும், மேலே குவித்த பொட்டலம் இளகிக்கொண்டே இருக்கும். அந்தக் கோட்டை அவர் என் விரலைப் பிடித்துத் தொட வைத்தார்.

தேதி கடந்த பொருளைப் பில் போடும்போது இயந்திரம் கண்டுபிடித்துவிடாதா என்று நினைப்பீர்கள். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டிராய் நகரில், ஒரு சூயிங்கம் பொட்டலத்தின் பார்கோடு முதன்முதலாகக் கல்லாவில் படிக்கப்பட்டது. அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. இன்று பெரும்பாலான பொருள்களில் இருக்கும் 13 இலக்கக் குறியீடு, பொருள் இன்னது என்று மட்டுமே சொல்லும். அதன் கடைசி இலக்கம், முந்தைய 12 இலக்கங்களும் சரியாகப் படிக்கப்பட்டனவா என்று சோதிக்க வைத்தது. விலை கடையின் கணினியிலிருந்து வருகிறது. காலாவதித் தேதி அதில் கிடையாது. தேதியையும் தாங்கும் சதுரக் குறியீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லாப் பொருளிலும் அவை வந்துசேரும்வரை நேற்றே காலாவதியான பாலுக்கும் இன்று வந்த பாலுக்கும் ஸ்கேனர் ஒரே சத்தம்தான் போடும். 1916இல் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் திறந்த பிக்லி விக்லி போன்ற சுயசேவைக் கடைகள் பரவுவதற்கு முன், கவுண்ட்டருக்குப் பின்னால் நின்றவர்தான் பொருளை எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒருமுறை பார்த்தார். இன்று அந்தப் பார்வை அலமாரி அடுக்குபவருடையது. நீங்கள் கூச்சப்படுகிற வேலை அதுதான்.

உங்கள் நண்பர் சொல்லும் அதே நோய் குளிர்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒரு தாளாகத் தொங்கும். வேளைக்கொரு முறை வெப்பநிலையைப் பார்த்து எழுதிக் கையெழுத்திட வேண்டிய பதிவுத் தாள் அது. பல கடைகளில் அதை எடுத்துப் பாருங்கள்: 4, 4, 4, 4 என்று ஒரே மையில், ஒரே சாய்வில், வாரம் முழுவதும். உண்மையான குளிர்பெட்டி அப்படி அடங்கி நிற்காது. கதவு திறந்து திறந்து மூடும்போது எண் ஏறும், படிந்த பனியை உருக்கும் நேரத்தில் ஏறும், பிறகு இறங்கும். அசையாத எண்களால் நிறைந்த தாள், அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதைத்தான் சொல்கிறது. லிஸ்டீரியா போன்ற கிருமிகள் குளிரிலும் மெதுவாகப் பெருகக்கூடியவை. 5 டிகிரியைத் தாண்ட விடாதே என்று சொல்வது அவற்றின் வேகத்தைக் கட்டி வைப்பதற்குத்தான். அக்கா 7 என்றால் 7 என்றே எழுதுவார். தணிக்கை வருகிற நேரத்தில் இப்படி எழுதலாமா என்று அதற்காக ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் திட்டு வாங்கினார். மறுநாள் மெக்கானிக் வந்து பின்பலகையைக் கழற்றியபோது, உள்ளே விசிறி பனியில் உறைந்து நின்றுவிட்டிருந்தது. அவரிடம் யாரும் மன்னிப்புக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

உங்களை எந்தப் பிரிவில் போடுவார்கள் என்று தெரியாது. குளிர்பெட்டி என்றால், எண் ஏறினால் யாரைக் கூப்பிட வேண்டும், இரவு ஷிப்டில் அவர் இல்லாவிட்டால் அடுத்து யார், அதுவரை பொருளை எங்கே மாற்றுவது என்ற மூன்றையும் பயிற்சி நாளிலேயே கேட்டுவிடுங்கள். அந்தத் தொலைபேசி எண்களைக் கைபேசியில் பதிந்து வைப்பதோடு நிறுத்தாதீர்கள். கைபேசி லாக்கரில் இருக்கும். ஒரு துண்டுத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்