ரிமாண்ட், ஜாமீன், வாய்தா: வாசகர் கேள்விகள்

கேள்வி: என் தம்பியை நேற்று மாலை விசாரணைக்கு என்று அழைத்துப் போனார்கள். இன்னும் கைது காட்டவில்லையாம். எத்தனை நாள் இப்படி வைத்திருக்கலாம்?

பதில்: நாள் கணக்கே கிடையாது, மணிக்கணக்குதான். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-வது பிரிவு. ‘விசாரணை’ என்று பெயர் மாற்றி அதை நீட்ட முடியாது. இன்றே ஒரு வழக்கறிஞரோடு ஸ்டேஷனுக்குப் போங்கள். அங்கே இல்லை என்று மறுத்தால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். தம்பியை அடித்திருந்தால், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிற்கும்போதே வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பயந்து பேசாமல் இருந்தால் காயம் ஆறிவிடும், சாட்சியும் போய்விடும்.

கேள்வி: மோசடி வழக்கில் என் கணவர் 58 நாளாகச் சிறையில் இருக்கிறார். ஜாமீன் மனு இரண்டு முறை தள்ளுபடி. குற்றப்பத்திரிகை இன்னும் வரவில்லை. திரும்பவும் மனு போடலாமா?

பதில்: அம்மா, இந்த இரண்டு மூன்று நாட்கள் உங்களுக்கு மிக முக்கியம். மரணம், ஆயுள், பத்தாண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய வழக்குகளில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். மோசடிக்கு அதிகபட்சம் ஏழாண்டு என்பதால் உங்களுக்கு 60. முந்தைய தள்ளுபடிகள் இதற்குத் தடையில்லை; வழக்கின் தன்மையையும் இங்கே பார்ப்பதில்லை.

ரிமாண்ட் ஆன நாளையே, அதாவது மாஜிஸ்திரேட் காவலில் வைக்க உத்தரவிட்ட நாளையே, ஒன்று என்று வைத்து எண்ணுங்கள். 2023-இல் உச்ச நீதிமன்றம் அப்படித்தான் தீர்ப்பளித்தது. 61-வது நாள் நீதிமன்றம் திறந்ததும் மனு உள்ளே போக வேண்டும். நீங்கள் கேட்பதற்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். முதலில் கேட்டுவிட்டால் நிற்கும். சென்னையிலிருந்து போன ஒரு போதைப்பொருள் வழக்கில், சட்டம் தந்த காலக்கெடு முடிந்ததும் சிறையில் இருந்தவர் காலையில் மனு போட்டார். அன்று மாலையே விசாரணை அமைப்பு, குற்றப்பத்திரிகைக்கு நிகரான தன் புகாரைத் தாக்கல் செய்தது. 2020-இல் உச்ச நீதிமன்றம் அவர் பக்கமே நின்றது. ஜாமீன்தாரர்களை இப்போதே தயாராக வையுங்கள். உத்தரவு வாங்கியும், சொன்ன கெடுவுக்குள் பிணை கொடுக்க முடியாமல் உள்ளேயே கிடப்பவர்களை நினைத்தால் மனம் ஆறுவதில்லை.

கேள்வி: வக்கீல் வைக்க வசதியில்லை.

பதில்: காவலில் இருப்பவருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அது. மாஜிஸ்திரேட்டிடமே கேட்கலாம். வெளியில் இருப்பவர்கள் 15100 எண்ணில் அழைக்கலாம்.

கேள்வி: காய்ச்சலால் ஒரு வாய்தாவுக்குப் போகவில்லை. பிடிவாரண்ட் வந்துவிட்டது. கொஞ்ச நாள் ஊரில் இருக்காதே என்கிறார்கள்.

பதில்: தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். மருத்துவச் சான்றோடு நீங்களே நேரில் போய், வாரண்ட்டை ரத்து செய்யக் கோரி மனு கொடுங்கள். தானாக வந்து நிற்பவரை நீதிமன்றம் வேறு கண்ணால் பார்க்கும். இனி வர முடியாத நாளில் வழக்கறிஞர் மூலம் அன்றே ஆஜர் விலக்கு மனு போடுங்கள். இதற்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 317-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தில் 355 ஆகியிருக்கிறது.

கேள்வி: சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி என்னிடமே கேள்வி கேட்பாராமே?

பதில்: ஆம். சத்தியப் பிரமாணம் கிடையாது, பதில் சொல்லாவிட்டால் அதற்காகத் தண்டனையும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் ‘பொய்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடாதீர்கள். அன்று வெளியூரில் இருந்தீர்கள் என்றால் அதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். எழுத்திலும் கொடுக்கலாம்.