கடையில் மாற்றத்துக்கு எல்லோரும் "ஓம்" என்கிறார்கள், ஒருவரும் அசையவில்லை. என்ன செய்வது?

உங்கள் கடை எப்படியானதென்று எனக்குத் தெரியாது. ஆனால் கூட்டத்தில் தலையாட்டிவிட்டு மறுநாள் காலை பழையபடியே வேலை செய்யும் கடை ஒன்றை நன்றாகத் தெரியும். யாழ்ப்பாணம் நகரில் இருக்கும் என் மாமாவின் ஹாட்வெயார் கடைதான் அது.

2023 கடைசியில் கணக்காளர் வந்து குண்டைத் தூக்கிப் போட்டார். 2024 ஜனவரி 1 முதல் வற் எனும் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 18 ஆகிறது. அதைவிடப் பெரியது, வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 8 கோடி ரூபாயிலிருந்து 6 கோடிக்கு இறங்குகிறது. மாமாவின் கடை சரியாக இந்த இரண்டுக்கும் நடுவில் நின்றது. அதுவரை காபன் தாள் வைத்த பில் புத்தகம், கடன் கொப்பி, மாமாவின் தலை, இந்த மூன்றும்தான் எங்கள் கணக்கு.

கணினி வாங்கினோம், பில் அடிக்கும் மென்பொருள் போட்டோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை றோல்ஸும் சோடாவும் வாங்கிவைத்து இரண்டு மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். "விளங்கினதோ?" என்றேன். "ஓமோம்" என்றார்கள். நாலு மாதம் அந்தக் கணினி துவாய் போர்த்திக்கொண்டு காசு மேசையில் சும்மா இருந்தது. பகலில் கையால் எழுதிய பில்களை இரவிரவாக நான்தான் ஏற்றினேன். நான் கண்முழித்துச் செய்ததால்தான் மற்றவர்களுக்கு மாற வேண்டிய தேவையே வரவில்லை என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

பெடியளுக்குப் பஞ்சி என்று நினைத்தேன். ஏசினேன். ஏசிய அன்று இரண்டு பில் கணினியில் விழும், மறுநாள் துவாய் திரும்ப ஏறிவிடும்.

அந்த நாட்களில்தான் குர்ட் லெவின் என்ற உளவியலாளரைப் பற்றி வாசித்தேன். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. இதயம், சிறுநீரகம் போன்றவற்றைச் சமைக்கும்படி வீட்டுப் பெண்களை எப்படி இணங்கவைப்பது என்று அவர் ஆராய்ந்தார். ஒரு பகுதியினருக்கு நல்ல விரிவுரை. அவர்களில் 3 வீதம் பேர்தான் சமைத்தார்கள். இன்னொரு பகுதியினரைத் தங்களுக்குள் கதைத்து முடிவெடுக்க விட்டார். 32 வீதம் பேர் சமைத்தார்கள். அவர் சொன்ன இன்னொன்றும் எனக்குச் சுட்டது. ஒரு நிலையை மாற்ற முன்னுக்குத் தள்ளும் விசையைக் கூட்டலாம், அல்லது பின்னுக்கு இழுக்கும் விசையைக் குறைக்கலாம். தள்ளத் தள்ள இறுக்கம்தான் கூடும். நான் நாலு மாதமும் தள்ளிக்கொண்டிருந்தவன்.

சரி, என்ன இழுக்கிறது? முப்பது வருடமாக அங்கே நிற்கும் ஒருவர் இருக்கிறார், எல்லாருக்கும் அவர் பெரியண்ணை. கடை அடங்கிய ஒரு மத்தியானம் பிளேன்ரீ குடித்துக்கொண்டு கேட்டேன், "என்னண்ணை, உதிலை என்ன பிரச்சினை?"

கொஞ்ச நேரம் ரீயை ஆற்றினார். "பிழையா அடிச்சா ஆற்றை காசு, தம்பி?"

அவ்வளவுதான். பில்லில் துண்டு விழுந்தால் எழுதினவரின் சம்பளத்தில் பிடிப்பது அந்தக் கடையின் பழைய வழக்கம். கையால் எழுதினால் தன்னால் பிழைவராது என்று அவருக்குத் தெரியும். மெசினில் அந்த நிச்சயம் இல்லை. நாங்கள் எடுத்த இரண்டு மணித்தியால வகுப்பில் இந்தச் சம்பளக் கதையை ஒருவரும் எடுக்கவில்லை, நான் உட்பட.

மாமாவை இணங்கவைக்க ஒரு கிழமை எடுத்தது. மூன்று மாதத்துக்குக் கணினி பில்லில் வரும் நட்டம் கடையின் நட்டம் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னார். மூன்றாம் நாள் சோதனை வந்தது. காசு மேசையில் நிற்கும் பிள்ளை ஒரு பெட்டி பிணைச்சலை ஒற்றைப் பிணைச்சலின் விலைக்கு அடித்துவிட்டாள். வாங்கினவர் மோட்டார் சைக்கிளில் போய்விட்டார். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லாரும் மாமாவின் முகத்தைத்தான் பார்த்தார்கள். மனிசனுக்குக் காது சிவந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "சரி விடு பிள்ளை. பெட்டிக்கு வேறை நம்பர் போடச் சொல்லு" என்றார். என் வகுப்பு, றோல்ஸ், சோடா எல்லாம் செய்யாததை அந்த ஒரு வசனம் செய்தது. அடுத்த நாளிலிருந்து துவாய் மடித்து லாச்சிக்குள் போனது.

பெரியண்ணைக்கு இன்னொரு இழுப்பும் இருந்தது, அதை அவர் வாய்விட்டுச் சொல்லமாட்டார். ஆறாயிரம் சாமானின் விலையும் மனப்பாடமாக வைத்திருப்பவர் அவர். விலையைக் கணினி சொன்னால் இவர் எதற்கு? வழி தற்செயலாகக் கிடைத்தது. மென்பொருள்காரர் ஏற்றித் தந்த பெயரெல்லாம் ஆங்கிலம். வாடிக்கையாளர் ஒருவர் படங்கு கேட்பார், வன்னியிலிருந்து வருபவர் தறப்பாள் கேட்பார், கணினியில் இருப்பதோ டார்போலின். பெடியள் தேடிக் களைத்து, அவரைத்தான் கூப்பிட்டார்கள். நான் ஒரு கொப்பியைக் கொடுத்து, "சனம் என்ன பேர் சொல்லிக் கேக்குதோ அதெல்லாத்தையும் எழுதித் தாங்கோ அண்ணை" என்றேன். இரண்டு கிழமையில் கொப்பி நிறைந்தது. அலவாங்கு, சுரை, கொளுக்கி என்று இப்போது எதை அடித்தாலும் சாமான் வரும். புதுப் பெடியன் யாராவது தேடித் தடுமாறினால், "நான் போட்ட பேரை அடியடா" என்பார்.

இன்னும் இரண்டு விஷயம் உதவின. முதலில் கடையின் ஒரு பகுதியை மட்டும் மாற்றினோம். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்ற ஆசைப்படுபவர்கள் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி கடைகளின் கதையைப் பார்க்கலாம். 2011 இல் வந்த புதிய தலைவர், வாடிக்கையாளருக்குப் பழகிப்போன கழிவுச் சீட்டுகளை எந்தக் கடையிலும் சோதித்துப் பாராமல் எல்லா இடத்திலும் நிறுத்தினார். 2012 விற்பனை சுமார் கால்வாசி விழுந்தது, 2013 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். இரண்டாவது, பழைய வழியை அடைப்பது. பில் புத்தகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் சனம் நெரியும் நேரத்தில் கை தானாக அங்கேதான் போகும். எங்கள் கடையில் முதலில் போவது மாமாவின் கை. ஆகவே நல்லூர்த் திருவிழா முடிந்த கையோடு எல்லாப் பில் புத்தகங்களையும் அலுமாரிக்குள் பூட்டி, சாவியை மாமியிடம் கொடுத்தேன். மாமா இரண்டு தரம் கேட்டுப் பார்த்தாராம். மாமி கொடுக்கவில்லை.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கடன் கொப்பி இன்னும் மாமாவின் கையெழுத்தில்தான், அவருடைய கதிரைக்குப் பின்னால். கேட்டால், "பாப்பம்" என்கிறார். ஆர் எவ்வளவு தரவேணும் என்பதைப் பெடியள் பார்க்கக்கூடாது என்று நினைக்கிறாரோ, வேறு காரணமோ. அவரோடு இன்னும் நான் பிளேன்ரீ குடிக்கவில்லை.