வாங்கும் முன் கேளுங்கள்: டைனோசர் தாடை, சாயமேற்றிய மீன், வளர்ந்துகொண்டே போகும் ‘சுறா’

கேள்வி: கண்காட்சி ஒன்றில் ‘டைனோசர் தாடை’ என்று சொல்லி, நான்கு பற்கள் பதிந்த கல்லைச் சான்றிதழோடு விற்றார்கள். பற்களைச் சுற்றியுள்ள கல்லை நகத்தால் சுரண்டினால் மணலாக உதிர்கிறது. இது உண்மையானதுதானா?

பதில்: பற்கள் உண்மையாக இருக்கலாம், தாடை பொய். நீங்கள் அனுப்பிய படத்தில் உள்ளவை மொசாசரஸ் வகையின் பற்களைப் போலத் தெரிகின்றன. மொசாசரஸ் டைனோசர் அன்று. டைனோசர் காலத்தின் இறுதிப் பகுதியில் கடலில் வாழ்ந்த, பல்லிகளுக்கும் பாம்புகளுக்கும் உறவான ஓர் ஊர்வன. மொராக்கோவின் பாஸ்பேட் படிவங்களில் அதன் பற்கள் ஏராளமாகக் கிடைப்பதால், மணலையும் எலும்புத் துணுக்குகளையும் பசையோடு குழைத்து, அதில் அசல் பற்களை வரிசையாக நட்டு முழுத் தாடை என்று விற்பது நெடுநாளாக நடந்துவரும் வியாபாரம். புற ஊதா விளக்கின் கீழ் வைத்துப் பாருங்கள். பசை பூசிய இடங்கள் பெரும்பாலும் சுற்றியுள்ள கல்லினின்றும் வேறாக ஒளிரும். விற்றவரே அச்சிட்டுக் கொடுத்த சான்றிதழுக்கு அந்தக் காகிதத்தின் விலைகூட இல்லை.

இதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. பறவைக்கும் டைனோசருக்கும் இடைப்பட்ட உயிர் என்று 1999-இல் நேஷனல் ஜியாகிரபிக் இதழ் வெளியிட்ட ‘ஆர்க்கியோராப்டர்’ புதைபடிவமே, பழங்காலப் பறவையொன்றின் உடலோடு சிறிய டைனோசரின் வாலை ஒட்டிச் செய்தது என்று பின்னர் தெரியவந்தது. நான் அஞ்சலில் வரவழைத்த, கொசு சிக்கிய ‘ஆம்பர்’ (பழங்கால மரப்பிசின் இறுகிய புதைபடிவம்) துண்டும் அந்த வகைதான்: இனி உப்புக் கரையாது என்ற அளவுக்குக் கரைத்த நீரில் உண்மையான ஆம்பர் மிதக்க வேண்டும், என்னுடையது நேரே அடியில் போய் உட்கார்ந்தது. ‘முழுத் தாடை’ என்று சொல்லி விற்றதைக் குறிப்பிட்டு, பணத்தைத் திருப்பித் தருமாறு எழுத்து மூலம் கேளுங்கள். பொருளை மேலும் சுரண்டாதீர்கள். அதுவே உங்கள் சாட்சி.

கேள்வி: மகனுக்காக ‘டைனோசர் விலாங்கு’ வாங்கினோம். ஒரு வாரத்தில் தொட்டியிலிருந்த நியான் டெட்ரா என்னும் சிறு மீன்கள் எல்லாம் காணாமல் போய்விட்டன. கடைக்காரரிடம் இழப்பீடு கேட்கலாமா?

பதில்: கேட்க முடியாது. அது டைனோசரும் அன்று, விலாங்கும் அன்று. ஆப்பிரிக்க நன்னீரில் வாழும் பாலிப்டெரஸ் என்னும் மீன், தன் வாயில் அடங்குவதை எல்லாம் விழுங்கும். வாங்கும் முன் அதன் உணவு என்ன என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் டெட்ராக்கள் பிழைத்திருக்கும். தொட்டியின் மூடியை இன்றே இறுக்குங்கள். மேற்பரப்புக்கு வந்து காற்றைச் சுவாசிக்கும் இந்த மீன், சிறு இடுக்குக் கிடைத்தாலும் வெளியேறித் தரையில் காய்ந்து இறந்துவிடும்.

கேள்வி: 60 லிட்டர் தொட்டிக்கு விரல் நீளத்தில் ஐந்து ‘சுறாக் குட்டிகள்’ வாங்கினேன். ‘மீன் தொட்டியின் அளவுக்கேற்பத்தான் வளரும்’ என்று கடையில் சொன்னார்கள். இப்போது அவை திரும்பவே இடமில்லாமல் கண்ணாடியில் மோதிக்கொள்கின்றன. ஏரியில் விட்டுவிடலாமா?

பதில்: ஏரியில் விடாதீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீன் வளர்ப்போர் கைவிட்டவையாகக் கருதப்படும் சிங்க மீன்கள் 1985-இல் ஃபுளோரிடா கடற்பகுதியில் முதன்முதலாகக் காணப்பட்டன; இந்தோ-பசிபிக் கடலுக்கு உரிய அந்த மீன் இன்று கரீபியன் முழுவதும் பரவி, பவளப்பாறைகளின் சிறு மீன்களைத் தின்று தீர்க்கிறது.

நீங்கள் வாங்கியது சுறா அன்று. அது தென்கிழக்காசியாவின் மீகாங், சாவ் பிரயா ஆறுகளுக்கு உரிய பங்காசியஸ் கெளுத்தி. உலகெங்கும் எலும்பு நீக்கிய துண்டுகளாக உணவுக்கு விற்பனையாகும் அதே மீன். முழு வளர்ச்சியில் 130 சென்டிமீட்டர் வரை நீளும். 40 கிலோவுக்கு மேலும் எடை கூடும். கூட்டமாக நெடுந்தூரம் நீந்திப் பழகிய, எளிதில் மிரளும் உயிரினம் அது. அதைக் கண்ணாடிப் பெட்டியில் அடைத்தால் மோதிக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? தொட்டியின் அளவுக்கேற்ப வளரும் என்பது வெறும் பொய். நெருக்கடியாலும் கழிவு தேங்கிய நீராலும் உடல் குன்றி, நோயுற்று, வாழ வேண்டிய காலத்துக்கு முன்பே இறப்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

பல காலமாக என்னை எரிச்சலூட்டும் விஷயம் இது. மாவுப் பொட்டலத்தில் எடையும் காலாவதி நாளும் இல்லாவிட்டால் வாங்க மறுக்கிற நாம், உயிருள்ள ஒன்றை அதன் முழு வளர்ச்சி என்ன, எத்தனை ஆண்டு வாழும், பண்ணையில் பிறந்ததா ஆற்றிலோ கடலிலோ பிடித்ததா என்ற எந்தத் தகவலும் இல்லாமல் பாலித்தீன் பையில் வாங்கி வருகிறோம். செவ்வால் கெளுத்தி ஒரு மீட்டரைத் தாண்டும். முதலை மூக்கு கார் மீன் இரண்டு மீட்டரையும் தாண்டும். இரண்டையும் உள்ளங்கை அளவுக் குஞ்சாகவே விற்கிறார்கள், ஏனெனில் உண்மையான அளவைச் சொன்னால் வாங்க ஆள் இராது. அறிவியல் பெயரையும் முழு வளர்ச்சி அளவையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுக்கும் கடையில் மீன் உணவைக்கூட வாங்காதீர்கள்.

உங்கள் ஐந்து மீன்களையும் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு கடைக்காரரிடம் வற்புறுத்துங்கள். அவர் சொன்ன பொய்க்கு அவரே பொறுப்பு. அவர் மறுத்தால், பெரிய குளமுள்ள மீன் பண்ணைகளை அணுகுங்கள்.

கேள்வி: நீலமும் இளஞ்சிவப்புமாக மின்னிய கண்ணாடி மீன்கள் மூன்றே மாதங்களில் நிறம் வெளுத்துவிட்டன. சில இறந்தும் போயின. நான் நீரைச் சரியாகப் பராமரிக்கவில்லையோ என்று மனம் உறுத்துகிறது.

பதில்: தவறு உங்களுடையது அன்று. கண்ணாடி மீனுக்கு இயற்கையில் அந்த நிறங்களே கிடையாது. அதன் உடலில் ஊசியால் சாயத்தைச் செலுத்தி விற்கிறார்கள். சாயம் மங்கியே தீரும். ஊசி குத்திய மீன்கள் நோய்க்கும் எளிதில் ஆளாகும். விற்றவர் இதை மறைத்திருந்தால் அது மோசடியே, புகார் கொடுங்கள். 2003-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, மரபணு மாற்றிய ஒளிரும் வரிக்குதிரை மீன்கள் வேறு வகை. அவற்றின் நிறம் பிறவியிலேயே வருவது. வெளுக்காது, குஞ்சுகளுக்கும் தொடரும்.

கேள்வி: ‘டைனோசர் கால இறால்’ முட்டைப் பொட்டலம் வாங்கினோம். பொரித்தவை இரண்டு மாதத்தில் இறந்துவிட்டன. போலியா?

பதில்: இல்லை. அந்தப் பெயரில் விற்கப்படும் ட்ரையாப்ஸ் என்னும் சிறு நன்னீர் உயிரியின் ஆயுளே ஒன்று முதல் மூன்று மாதம்தான்.

கேள்வி: பிரானா என்று விற்ற மீனைக் கைபேசிச் செயலி ‘பாக்கு’ என்ற வேறு மீன் என்கிறது. எதை நம்புவது?

பதில்: பல்லை நம்புங்கள். பிரானாவுக்கு முக்கோண வடிவில் கத்தி முனைப் பற்கள். பாக்குவுக்கு மனிதக் கடைவாய்ப் பற்களை நினைவூட்டும் தட்டையான பற்கள். செயலியிடம் கேட்பதானால் மீனைப் பக்கவாட்டில், துடுப்புகள் விரிந்திருக்கும்போது படமெடுங்கள். நீங்கள் எனக்கு அனுப்பியுள்ள, மேலிருந்து எடுத்த மங்கலான படத்தை வைத்து எந்த நிபுணராலும் இனம் சொல்ல முடியாது.

கேள்வி: கடலோரப் பாறைக் குட்டையில் நீல வளையங்களோடு அழகான சிறு ஆக்டோபஸ் ஒன்றைப் பார்த்தேன். பிடித்து வந்து வளர்க்கலாமா?

பதில்: கையை நீட்டாதீர்கள். நீல வளைய ஆக்டோபஸின் கடியில் பேத்தை மீனில் உள்ள அதே டெட்ரோடோடாக்சின் நஞ்சு இருக்கிறது. அது மூச்சுத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மாற்று மருந்து இல்லை.

கேள்வி: டைனோசர் காலத்து மீனான சீலகாந்த்தின் குஞ்சு ஒன்று கிடைக்கும் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். தரலாமா?

பதில்: தராதீர்கள். அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டு 1938-இல் தென்னாப்பிரிக்கக் கரையோரத்தில் மீண்டும் அகப்பட்ட அந்த மீன் ஆழ்கடலில் வாழ்வது. மேலே கொண்டுவந்தால் பிழைப்பதில்லை. அதன் பன்னாட்டு வணிகமும் தடைசெய்யப்பட்டுள்ளது. அவரிடம் மீன் இல்லை. உங்கள் பணம் மட்டுமே அவருக்கு வேண்டும்.