தளபதிகள் சரணடைந்த பின்னும்

அன்புள்ள ஐயா,

ஹைட்டி பற்றிய உங்கள் கட்டுரையில் துசேன் லூவெர்த்தூரை ‘அடிமைகளுக்கு விடுதலை வாங்கித் தந்தவர்’ என்று எழுதியிருந்தீர்கள். அவர் 1803 ஏப்ரலிலேயே பிரெஞ்சுச் சிறையில் இறந்துவிட்டார். நாடு சுதந்திரம் அடைந்தது 1804 ஜனவரி 1 அன்று. தவிர, விடுதலையானவர்களை மறுபடியும் தோட்டத்துக்கே விரட்டியவரும் அவர்தானாமே? அப்படியென்றால் விடுதலையை வாங்கியது யார்? இத்தனை பாடுபட்டுப் பெற்ற நாடு ஏன் இவ்வளவு வறுமையில் கிடக்கிறது?

ஒரு வாசகர், கோவில்பட்டி

அன்புள்ள நண்பருக்கு,

சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ‘வாங்கித் தந்தவர்’ என்பது கை போன போக்கில் வந்து விழுந்த சொல். வாங்கித் தருவதற்கு அது ரேஷன் பொருள் இல்லை.

கரீபியன் கடலில் உள்ள ஹைட்டி அப்போது பிரான்ஸின் காலனி, சான் தொமிங் என்று பெயர். சுமார் ஐந்து லட்சம் அடிமைகள். கரும்பு வெட்டும் மாதங்களில் ஆலை இரவிலும் ஓடும். உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுப்பது பெரும்பாலும் பெண்கள். தூக்கக் கலக்கத்தில் விரல் சிக்கினால் கையே உள்ளே போய்விடும். ஆலையை நிறுத்துவதற்குள் ஆள் போய்விடுவார் என்பதால், கையை வெட்டியெடுக்கப் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கும். 1791 ஆகஸ்ட் 22 இரவு வடக்குச் சமவெளியில் கிளர்ச்சி வெடித்தபோது அந்த ஆலைகளைத்தான் தேடித் தேடி உடைத்தார்கள், கரும்புக்காட்டைக் கொளுத்தினார்கள். தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான புக்மான் ஒரு கங்காணி. ஆம், சவுக்கு பிடித்த கைதான்.

அடுத்து நடந்ததை அதிகம் பேர் பேசுவதில்லை. அந்த வருடக் கடைசியிலேயே கிளர்ச்சித் தலைவர்கள் பேரம் பேசினார்கள்: எங்களில் சில நூறு பேருக்கு விடுதலை கொடுங்கள், மற்றவர்களைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுகிறோம் என்று. அந்தப் பேச்சுவார்த்தையில் துசேனும் இருந்தார். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் திமிரில் அதைக்கூடத் தட்டிக் கழித்தார்கள். அந்தத் திமிருக்கு ஒருவகையில் நன்றி சொல்ல வேண்டும்.

துசேனைச் சின்னவராக்குவது என் நோக்கமில்லை. ஸ்பானியர், ஆங்கிலேயர் இருவரையும் சமாளித்தவர். 1801இல் அவர் கொண்டுவந்த அரசியல் சாசனம் அடிமை முறை என்றென்றைக்கும் இல்லை என்றது. ஆனால் அதே சாசனம் அவரை ஆயுட்கால ஆளுநர் ஆக்கியது. விளைச்சலில் கால் பங்கு கூலி, தோட்டத்தை விட்டுப் போகக் கூடாது, காவலுக்கு ராணுவம்: இதுதான் அவர் ஆட்சியில் உழைப்பவர்களின் நிலை. அவர் கணக்கு எளிது. நெப்போலியன் வரப்போகிறான், துப்பாக்கி வாங்க வேண்டும், அதற்குச் சர்க்கரையும் காப்பியும் விற்க வேண்டும். கணக்கு சரிதான். ஆனால் ஆலையை உடைத்தவனுக்கு விடுதலை என்றால் சொந்தமாக ஒரு துண்டு நிலம். அந்த வருடமே வடக்கில் மறுபடி கலகம். அதற்கு உடந்தை என்று சொல்லித் மருமகன் முறையான தன் தளபதி மொய்ஸையே துசேன் சுட்டுக் கொல்ல வைத்தார்.

இப்போது 1802. நெப்போலியனின் மைத்துனன் லெக்லேர் பெரும்படையோடு வந்து இறங்கினான். சில மாதச் சண்டைக்குப் பிறகு துசேனின் தளபதி கிறிஸ்தோப், பிறகு துசேன், இன்னொரு தளபதி தெசலின் என்று வரிசையாகப் பணிந்தார்கள். ஜூனில் துசேனைப் பிடித்துக் கப்பல் ஏற்றினார்கள். கிறிஸ்தோப்பும் தெசலினும் பிரெஞ்சுச் சீருடையில், மலைகளில் பணியாமல் இருந்த கூட்டங்களை வேட்டையாடிக்கொண்டிருந்தார்கள். உங்கள் கேள்விக்கு என் பதில் அந்தக் கூட்டங்கள்தான். நமக்கு வாய்த்த பெயர்கள் கொஞ்சம். ஒன்று, ஆப்பிரிக்காவில் பிறந்து அடிமையாக வந்த சான்சூசி. இன்னொரு பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் அடிமை முறை திரும்பிவிட்டது என்ற செய்தி பரவ, மஞ்சள் காய்ச்சல் பிரெஞ்சுச் சிப்பாய்களை வாரிக்கொண்டு போக, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தளபதிகளுக்குப் புரிந்தது. அக்டோபரில் கட்சி மாறினார்கள்.

சான்சூசி மட்டும் கேட்கவில்லை. நேற்றுவரை எங்களைச் சுட்டவனுக்குக் கீழே நான் ஏன் நிற்க வேண்டும் என்பதுதான் அவர் நிலை. பேச வாருங்கள் என்று அழைத்து அவரைக் கொன்றார் கிறிஸ்தோப். 1803 நவம்பர் 18இல் வெர்த்தியேரில் பிரெஞ்சுப் படை தோற்றது. ஹைட்டி பிறந்தது. பின்னாளில் வடக்கில் அரசராக முடிசூடிக்கொண்ட கிறிஸ்தோப் மிலோ ஊரில் கட்டிய அரண்மனையின் பெயர் என்ன தெரியுமா? சான்சூசி. பிரஷ்ய மன்னரின் அதே பெயருள்ள அரண்மனையைப் பார்த்து வைத்தது என்பார்கள். இருக்கலாம். எனக்கு அவ்வளவு சுலபமாக நம்ப முடியவில்லை.

வறுமை பற்றி: 1825இல் பிரான்ஸ் 14 போர்க்கப்பல்களை நிறுத்தி, உங்களை அங்கீகரிக்க 15 கோடி பிராங்க் கொடுங்கள் என்றது. அடிமைகள் தங்களுக்கே விலை கொடுக்க வேண்டும்! பாரிஸில் 3 கோடி கடன் வாங்கினார்கள், கைக்கு வந்தது 2 கோடியே 40 லட்சம். தொகை பிறகு 9 கோடியாகக் குறைந்தாலும், அதன் தொடர்ச்சியான கடன்கள் தீர 1947 ஆனது. எல்லாப் பழியும் பிரான்ஸ் மேல்தான் என்று சொல்ல மாட்டேன். 1826இல் ஹைட்டியின் அதிபர் புவாயே குடியானவர்களை மறுபடி தோட்டத்தில் கட்டிப்போடச் சட்டம் போட்டார். ஜனங்கள் பெரும்பாலும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மலைச்சரிவில் வாழையும் கிழங்கும் நட்டுக்கொண்டு அவர்கள் பாட்டுக்கு இருந்தார்கள்.

கட்டுரையில் அந்த வரியை எடுத்துவிட்டேன். மொய்ஸ், சான்சூசி இருவருக்கும் ஆளுக்கொரு பத்தி சேர்த்திருக்கிறேன். நேரம் இருந்தால் இன்னொரு தடவை பாருங்கள்.

அன்புடன்.